நார் என்ற பெயர்

மார்தீன்,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நெஸ்ரினுக்கு,

இஸ்மீரில் நீயும் துர்குத்தும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அப்பாவும் அத்தை நானும் நலம். அப்பாவைப் பற்றிப் போனில் பேசினால் நீ பாதியில் அழ ஆரம்பித்துவிடுகிறாய். அழுகிறவர்களிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. மொட்டைமாடியில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று. பள்ளியில் இந்த வருஷமும் எனக்கு வேதியியல் வகுப்புதான்.

அப்பா இன்னும் 'நார்' என்று பிள்ளையின் பெயரைச் சொல்வதில்லை. கேட்டால், "வீட்ல அரபி பேசுற ஜனம் நாம. அரபியில நார்னா நெருப்பு. ஒரு பொண்ணை நெருப்புன்னு கூப்பிடச் சொல்றியா?" என்கிறார். துருக்கி மொழியில் அது மாதுளம்பழம்தானே என்றால், "அதைப் பழக்கடையில போய்ச் சொல்லு" என்கிறார். வருஷாவருஷம் பழக்காரனிடம் "நார் என்ன விலை?" என்று துருக்கியில் பேரம் பேசுகிறவர்தான் அவர். அப்போதெல்லாம் அந்தச் சொல் அவர் நாக்கைச் சுட்டதில்லை.

போன வாரம் எதிர்வீட்டு சௌதா, சுடுவதற்குக் கத்தரிக்காய்த் தட்டைக் கொண்டுவந்தவள், அப்பாவின் ரொட்டிக்கடையில் எல்லார் முன்னாலும், "ஷுக்ரு அண்ணே, பேத்தி பேரு நெருப்பாமே! அடுப்புக்கு ஆள் கிடைச்சாச்சு, இனிமே உங்களுக்கு விறகு எதுக்கு?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். சௌதாவின் கத்தரிக்காயைக் கருக விட்டுவிட்டார். அவர் அடுப்பில் எதுவும் கருகி நான் பார்த்ததே இல்லை.

பெயரில் தப்பில்லை என்று பெரியவர் ஒருவர் வாயால் வந்தால் அடங்குவார் என்று நினைத்து, இமாமைத் தேடிப் பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகைப் பக்கமே போகாத நானா என்று நீ சிரிப்பாய்.

இமாம் நல்ல மனிதர். "டீச்சரம்மா, நரகத்துத் தீக்கும் அதே வார்த்தைதான். ஆனா மாதுளை சொர்க்கத்துப் பழமாச்சே! அவங்கவங்க பாஷையில அவங்கவங்க பிள்ளை" என்றார். அதோடு விட்டிருந்தால் நானும் கிளம்பியிருப்பேன். "அது கிடக்கட்டும், உங்க அண்ணன் பிள்ளை காதுல தடங்கல் இல்லாம பாங்கு சொல்லி முடிச்சாரா?" என்று கேட்டார். தொழுகைக்கு அழைக்கிற பாங்கா, அவர் எதற்கு என்றேன். "கோடை முழுக்க, ஆள் இல்லாத நேரமாப் பாத்து வந்து என்கிட்ட சொல்லிப் பழகினாரே. பிறக்கப்போற பிள்ளை காதுல தப்பா விழுந்துடக்கூடாதாம். குரல் நடுங்குதேன்னு ஒரே கவலை" என்றார்.

நெஸ்ரின், நீ அனுப்பிய வீடியோவில் உன் மாமனார், துர்குத்தின் அப்பா, பிள்ளையை ஏந்தி, காதில் பாங்கு சொல்லி, மூன்று தடவை பெயரும் சொல்கிறார். உன் அப்பா அதைக் கடையில் மாவுக் கையோடு நின்று பார்த்தார். "நல்ல குரல்" என்று சொல்லிவிட்டு போனை என்னிடம் நீட்டினார். அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நம் வீட்டில் பெண்ணின் தலைப்பிள்ளைக்குப் பெண்ணின் அப்பா பெயர் சொல்வதுதான் வழக்கம். உனக்கும் உன் அம்மாவின் அப்பாதான் சொன்னார். உன்னைக் குறை சொல்லவில்லை. பெற்ற களைப்பில் நீ கிடந்தாய், பக்கத்தில் இருந்தவர்கள் செய்தார்கள். உன் அம்மா இருந்திருந்தால் முன்கூட்டியே ஞாபகப்படுத்தியிருப்பாள். எனக்கு அது தோன்றவில்லை.

காதில் சொல்வதால் ஒரு பிள்ளைக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் அவர் கோபம் அந்தச் சொல்லின் மேல் இல்லை என்று மட்டும் தெரியும்.

அதனால் பெயரை மாற்றுகிறேன் என்று சொல்லாதே. அர்த்தமும் விளக்காதே. குளிர்கால விடுமுறைக்குப் பிள்ளையோடு வா. "அப்பா, நீங்க சொல்லுங்க" என்று அவர் கையில் கொடு. இன்னொருமுறை சொல்வதில் தப்பில்லையாம், இமாமிடம் கேட்டுவிட்டேன். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

நேற்று மாவு பிசைந்தபடி தாழ்ந்த குரலில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, மாவில் தண்ணீர் தெளித்தார்.

கடவுள் என்று ஒருவர் இருந்தால் உங்கள் மூவரையும் காக்கட்டும். அப்பாவின் குரல் நன்றாக இருக்கும்போதே வந்துவிடு.

உன் அத்தை,
பெஹியே