நோட்டில் விட்டுப்போன வரிகள்

தங்கச்சி,

போன வாரம் உன் மகன் உன் இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். புடவைகளை என் மருமகளிடம் கொடுத்துவிட்டு, அடியில் கிடந்த ஒரு நோட்டை எடுத்துத் தட்டினான். "மாமா, அம்மா காலேஜ்ல எழுதுனது போல. வெச்சிக்கிறீங்களா, எடைக்குப் போட்டுடட்டா?" என்றான். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் கேட்டான். நானும் கையை நீட்டிவிட்டேன். அட்டையில் பாச்சை உருண்டை வாசனை. ஒரு மூலையில் மண்ணெண்ணெய்க் கறை.

இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள்.

ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டிய காலத்தில், கட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தாலே அது யார் வெட்டிய கரும்பு என்று சொல்லிவிடுவேன். ஒருவன் சாய்த்து வெட்டுவான், ஒருவன் பிய்ப்பான். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் உன் நோட்டைப் புரட்டினேன். முன்பக்கங்களில் ஒரே ஆள் எழுதவில்லை. ஒரு வரி உருண்டை உருண்டையாக, அது நீ. அடுத்தது பச்சை மையில், காற்றுக்குச் சாய்ந்த பயிர் போல. இன்னொன்று சாமை தூவியதுபோலப் பொடி எழுத்து. நாலாவது, தாளே கிழியும் அளவுக்கு அழுத்தி. நாலு கை. பாதி நோட்டு வரைக்கும் அப்படியே போயிற்று. அதற்கப்புறம் உன் கை மட்டும். அதுவும் ஒரு வரி எழுதியிருக்கிறாய், கீழே வெறுமையாக விட்டிருக்கிறாய், மறுபடி ஒரு வரி. கரும்பு முளைக்காமல் போன கொல்லை மாதிரி இருந்தது.

எந்தப் பக்கத்தில் மாறியது என்று விரலை வைத்துப் பார்த்தேன். அது எந்த நாள் என்று யாரும் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஆட்கள் படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்ட வருஷம் அது. மலையடிவாரத்தில் நம் ஊரிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் நீ. கள்ளக்குறிச்சி வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. முதல் இரண்டு மாசம் நாலரை பஸ்ஸில் வந்துவிடுவாய். வந்ததும் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அழுவாய். "எல்லாம் இங்கிலீசுண்ணா. அவங்க சொல்லிக்கினே போறாங்க, என் கை ஓட மாட்டேங்குது." நான் அதற்கு என்ன செய்வேன்? லாந்தர் கண்ணாடியைத் துடைத்து வைப்பேன்.

பிறகு நீ ஆறரை பஸ்ஸுக்கு மாறினாய். அழுகை நின்றது. சோறு போடும்போது சினிமாப் பாட்டு முணுமுணுத்தாய். ஒருநாள் பொட்டு வேறு மாதிரி இருந்தது. கேட்டதற்கு, "கூடப் படிக்கிற மல்லிகா வெச்சி வுட்டாண்ணா" என்று சிரித்தாய். படிக்கிற பெண் அழுதுகொண்டிருந்தாள், சிரிக்கிற பெண் படிப்பை விட்டுவிட்டாள். என் கணக்கு அவ்வளவுதான். டீக்கடையில் ஒருத்தன், "இன்னாப்பா, ஒன் தங்கச்சி கருணாபுரத்துலயே வூடு புடிச்சிக்கிச்சாமே?" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கள்ளக்குறிச்சியில் நம் ஆட்கள் தண்ணிகூட வாங்கிக் குடிக்காத தெரு அது; அவன் எதைச் சொல்கிறான் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறியல் நாளன்று நானும் கோடாலியோடு போனேன். புளியமரம் ஒன்று சாய்வதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உனக்கும் சேர்த்துத்தான் வெட்டுகிறேன் என்று மனசார நினைத்தேன், பாப்பா. சாயங்காலம்தான் உறைத்தது, அந்த மரத்தைத் தாண்டி உன் பஸ் வராது என்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தேன்.

கருணாபுரத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது. நீங்கள் நாலு பெண்களும் தரையில் உட்கார்ந்து ஏதோ இங்கிலீசை சினிமா மெட்டில் ராகம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நடுவில் டீ டம்ளர்கள். என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றது. மல்லிகாவின் அம்மா மட்டும் எழுந்துவந்து, "வா தம்பி, ஒக்காரு. வழியெல்லாம் மரமாமே, எப்பிடி வந்த? இந்தா, டீ குடி" என்று டம்ளரை நீட்டினார்.

நான் அதை வாங்கவில்லை. உன்னைப் பார்த்து, "இந்த வூட்டுல நீ இன்னா இன்னா சாப்ட்ட?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான் கேட்டேன். அந்த அம்மா நீட்டிய கையை மடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். டம்ளரிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருந்தது. நீ தலையைக் குனிந்தபடி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாய்.

நான் வெட்டிய மரத்தின் மேல் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கும்போதுதான் வாயைத் திறந்தாய்.

"நாங்க படிச்சிக்கினுதாண்ணா இருந்தோம்."

"சிரிச்சிக்கினா?"

"சிரிச்சாத்தாண்ணா ஞாபகம் இருக்குது."

"இனிமே அந்தப் பொண்ணுங்களோட ஒன்னப் பாத்தேன், அன்னியோட காலேஜ் நின்னுது."

மறியல் முடிந்து பஸ் ஓடியதும் நாலரை பஸ்ஸில் திரும்பினாய். மறுபடி அழுவாய் என்று நினைத்தேன், அழவில்லை. அந்த வருஷம் இரண்டு பேப்பர் நின்றுபோய், மூன்று தடவை எழுதித் தேறினாய். ஆபீஸ் வேலைக்கும் போனாய், கல்யாணமும் ஆயிற்று. ஊரில் எல்லாரும் என்னைத்தான் சொன்னார்கள்: "கைநாட்டு ஆளு, தங்கச்சிய எப்பிடிக் கண்டிச்சிப் படிக்க வெச்சான் பாரு." இத்தனை வருஷமாக அந்தப் பேச்சை நல்ல துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு திரிந்தேன். நீ பக்கத்தில் இருக்கும்போதே திரிந்தேன். நீ ஒருநாளும் இல்லை என்று சொல்லவில்லை.

உன் காரியத்துக்கு வந்த கூட்டத்தில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், ஆபீஸ் ஆட்கள் இருந்தார்கள். சிநேகிதி என்று ஒருத்தி இல்லை. அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. நோட்டைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

முந்தாநாள் நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கருணாபுரம் போனேன். ஓட்டு வீடு இப்போது மாடியாகிவிட்டது. மல்லிகாவுக்குத் தலை நரைத்திருக்கிறது. நான் யார் என்று சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டார். நீ போய்விட்டதையும் சொன்னேன்.

"எப்போ?"

"மூணு மாசம் ஆச்சிம்மா."

"அவ வூட்டுக்கு பஸ்ல ஏறுனா கால் மணி நேரம். எனக்கு ஏண்ணா ஒருத்தரும் சொல்லல?"

நான் நோட்டை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு புரட்டினார். பச்சை மையில் விரலை வைத்து, "இது நானு" என்றார். "வாத்தியார் வேகமா சொல்லுவாரு. ஒருத்தியால முழுசா எழுத முடியாது. மொத வரி அவ, ரெண்டாவது நானு, மூணாவது ஒருத்தி, நாலாவது ஒருத்தி. சாயந்தரம் இங்க ஒக்காந்து அவங்கவங்க வரிய மத்தவ நோட்டுல எழுதிக் குடுப்போம். சேத்துப் பாத்தாத்தான் பாடம்." பின்பாதிக்கு வந்ததும் கை நின்றது. வெறும் இடங்களை ஒவ்வொன்றாகத் தடவினார். "இங்கல்லாம் எங்க வரிங்கண்ணா. அதுக்கப்புறமும் எடம் வுட்டுக்கினேதான் எழுதியிருக்கா."

நோட்டை மூடி என் பக்கம் நகர்த்திவிட்டு அவரே சொன்னார். "பஸ் ஸ்டாண்டுல பாத்தா தலைய மட்டும் ஆட்டுவா. மொதல்ல ஒங்களுக்கு பயந்துக்கினு. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சி, ரெண்டு பேருக்கும்."

நான் ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருந்தேன். உள்ளே பால் பொங்கும் வாசனை வந்தது. டீ குடிக்கிறீங்களா என்று அவர் கேட்கவில்லை. கோபமும் முகத்தில் இல்லை. ஒருமுறை நீட்டிய வீடு, இன்னொரு முறை எப்படி நீட்டும்? நானே கேட்டிருக்க வேண்டும். "ஒரு வாய் டீ குடும்மா" என்பது நாக்கு வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். வழியெல்லாம் அதைத்தான் நினைத்தேன். கொடுத்தால் அவர் அந்த வரிகளை எழுதிவிடுவாரோ என்னவோ. ஆனால் உன் நோட்டில் எனக்குப் படிக்கத் தெரிந்தது அந்த வெற்றிடங்கள் மட்டும்தான், பாப்பா. ஒரு பக்கத்துக்கு எத்தனை என்று இப்போது பார்க்காமலே சொல்லுவேன்.