பெண்கள் நாளில் திறந்த கதவு

ஓகஸ்ட் 5, செவ்வாய்

விடியவே கச்சான் காற்று. மண்டபம் முழுக்க மண், இரண்டு தரம் கூட்டியும் காலில் நறநற. பஞ்சு முடிகிறது. ஸ்பிரிட்டும் வாங்க வேண்டும்.

பெண்கள் நாள். பன்னிரண்டு கதிரையும் நிறைந்தது. கிளிவெட்டியிலிருந்து இரண்டு பேர் புதிது. எல்லோரும் ஒரே அறையிலா என்று தயங்கினார்கள். ஓம், தனித்தனி அறை என்றால் கூலிக்காரர் கொடுக்கிற காசுக்கு அக்குபங்சர் செய்ய ஏலாது என்றேன். அதற்காகத்தான் செவ்வாயில் கதவு பூட்டு, யன்னலுக்குச் சீலை. காதில், கையில், காலில் ஊசி. முக்காடு விலகும், சட்டைக்கை ஏறும். பிறகு அரை மணித்தியாலம் கையை அசைக்கக் கூடாது.

கிண்ணியா ரஹீமா ராத்தா. கடைகளுக்கு இடியப்பம் பிழிந்தே மணிக்கட்டு போய்விட்டது. நான் டொக்டர் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் டொக்டர்தான். இன்றைய கதை மருமகளின் புட்டு. எறிந்தால் காகம் விழுமாம். சிரித்த சிரிப்பில் ஒருத்தியின் கால் ஊசி கழன்றது.

அந்த நேரம் பின்கதவு திறந்தது. அந்தப் பூட்டுத் திறப்பு ஜெகனிடம் இருக்கிறது. என் சித்தி மகன், மண்டப வேலையெல்லாம் பார்ப்பவன். கூடவே கதிரைகளை அன்பளிப்பாகத் தந்த கொழும்பு ஐயா, அவர் பெயர் போட்ட பனர், கமராக்காரர். நான் கத்துவதற்குள் நாலைந்து படம் எடுத்தாயிற்று. பன்னிரண்டு பேரில் ஒருவராலும் கை தூக்க ஏலவில்லை. ரஹீமா ராத்தா முகத்தைத் தோளுக்குள் புதைக்கப் பார்த்தா. அதுவும் முழுக்கச் சரிவரவில்லை.

கமராக்காரரை நெஞ்சில் பிடித்து வெளியே தள்ளினேன்.

“அஞ்சு நிமிசந்தானே அக்கா. கதிரை தந்த மனிசன்.” ஜெகன்.

கதிரை தந்தால்? இருக்கிற ஆட்களையும் சேர்த்து வாங்கிவிட்டாரா?

சாப்பிடவில்லை.

ஓகஸ்ட் 6, புதன்

ஆண்கள் நாள். துறைமுக மூட்டைக்காரர்கள், எல்லோருக்கும் இடுப்பு.

ஐயாவின் பேஸ்புக்கில் படம். முன்னுக்கே ரஹீமா ராத்தா, முக்காடில்லாமல். கீழே ‘மகிழ்ச்சியான பயனாளிகள்’. வாயில் நல்லா வருகிறது.

ஐயாவுக்குப் போன் எடுத்தேன். கோபமே இல்லை மனிதருக்கு, தேன் குரல். முகம் தெரிந்தால்தான் உதவி வருமாம். கிளிவெட்டிக்கும் புல்மோட்டைக்கும் கதிரை தர இருக்கிறாராம், யோசித்துக் கதைக்கட்டாம். அந்த இரண்டு ஊரிலும் இப்படி ஒரு அறை போடத்தானே இவ்வளவு நாளும் அலைகிறேன். எத்தனை கதிரை என்றுகூடக் கேட்டுவிட்டேன். அதை நினைக்க என்மேலேயே எரிச்சல்.

பிறகு சொன்னேன்: “படத்தை அழியுங்கோ. உங்கட கதிரையளையும் வந்து ஏத்துங்கோ.”

பின்னேரம் படம் போய்விட்டது. அதற்குள் கட்டாரில் ராத்தாவின் மகன் பார்த்துவிட்டானாம். அவவுக்கு நான்கு தரம் போன் அடித்தேன். எடுக்கவில்லை.

ஓகஸ்ட் 9, சனி

லொறி வந்து கதிரைகளை ஏற்றிப் போனது. கிளிவெட்டி போச்சு என்றான் ஜெகன். ஓம், போச்சு. ஆரால்? திறப்பைத் திருப்பி வாங்கினேன். அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை.

கலியாண வீட்டுப் பிளாஸ்டிக் கதிரைகள் வாடகைக்கு. கழுத்துக்குத் தலையணை தைக்க வேண்டும். பின்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாயிற்று.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

காற்று குறைவு. ஐந்து பேர்தான். கிளிவெட்டிப் பெண்கள் வரவில்லை. வருவார்களா என்ன.

ரஹீமா ராத்தா வந்தா. நினைக்கவே இல்லை. போக வேண்டாம் என்று மகன் தடுத்தானாம். நோவு எனக்கு, உனக்கில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாவாம். மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினா. மருமகள் கதை ஒன்றும் இல்லை.

மணிக்கட்டு நன்றாக வீங்கியிருந்தது. ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். இரண்டு கையையும் அபாயாவுக்குள் இழுத்துக்கொண்டா.

“கையில வேணாம் டொக்டர். காலுல மட்டும் குத்துங்க. கை ரெண்டும் சும்மா இருக்கட்டும்.”

காலில் மட்டும் போட்டேன்.