ஏழு மணி வலையில் ஒரு பெயர்

அரூர்,
10 பிப்ரவரி 2025

அன்புள்ள ஆனந்து,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று இந்த முறை கேட்க மாட்டேன், மனசு வரவில்லை.

சனிக்கிழமை கம்பைநல்லூர் குமார் போர்வெல் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். நான் அதைப் பிரித்துக் காயிலைப் பார்த்து முடிப்பதற்குள் லேப்டாப்பைத் திறந்துவிட்டான். "அண்ணா, இப்பல்லாம் ஹாம் ரேடியோவே இதுலதான் ஓடுதுங்க, வந்து பாருங்க" என்றான். போய்ப் பார்த்தேன். பதினைந்து விநாடிக்கு ஒரு முறை கீச்சென்று ஒரு சத்தம், திரையில் ஒரு வரி. ஒருத்தன் அழைப்புக்குறி, இன்னொருத்தன் அழைப்புக்குறி, சிக்னல் எவ்வளவு, வணக்கம், அவ்வளவுதான். வாயைத் திறக்கவே வேண்டாம், சாப்ட்வேரே பேசிக்கொள்கிறது. இதெல்லாம் ஒரு பொழைப்பா என்று எழுந்திருக்கப் போகிறேன், நடுவில் உன் லைசென்ஸில் இருக்கும் அதே அழைப்புக்குறி வருகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தாலிக்காரன் ஒருத்தனுக்குச் சிக்னல் கணக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

ஏன்டா, இத்தாலிக்காரனுக்குப் பதில் சொல்ல நேரம் இருக்கிறது, எனக்கு இல்லையா? மகள் பிளசிக்குப் பிரசவம் என்று அக்டோபரில் பெங்களூர் போனாய். போன் செய்தால் எடுப்பதில்லை. "பேத்தி தூங்குகிறாள், பிறகு" என்று ஒரு செய்தி மட்டும் வரும். நான்கு மாதமாக ஒரு குழந்தை தூங்குமா? அதனால்தான் புத்தாண்டு அட்டையோடு கடிதம் போடும் நம் பழைய பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லோரும் ரேடியோவில் ஒரே அலைவரிசையில் கூடும் இந்த வலை நீயும் நானும் சேர்ந்து ஆரம்பித்தது. பதினெட்டு வருஷமாக நான் பெயர் வாசிக்கிறேன், இருபத்தேழு பேரும் அவரவர் ஊரிலிருந்து சொந்தக் குரலில் "இருக்கிறேன்" என்கிறார்கள். மூன்று வாரம் குரல் கொடுக்காதவர் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று விதி எழுதியதே நீதான். உன் பெயர் வரும்போதெல்லாம் "பிரசவ வூடுங்க, விடுங்க" என்று நான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். இனி முடியாது. வருகிற ஞாயிறு ஒரே ஒரு வார்த்தை பேசு, போதும்.

கோபத்தோடும் அன்போடும்,
சந்திரமோகன்

*

பெங்களூர்,
19 பிப்ரவரி 2025

அன்புச் சந்திரா,

கர்த்தர் உன்னையும் வீட்டாரையும் நன்றாக வைத்திருக்கட்டும். உன் கடிதத்தைப் பிளசிக்கும் படிக்கக் கொடுத்தேன். "மாமா திட்டுறது கூட நல்லாருக்குதுப்பா" என்று சிரித்தாள். பேத்தி குப்புற விழ ஆரம்பித்திருக்கிறாள்.

இது ஆறாவது மாடி. பால்கனியில் துணி காயப்போடும் கம்பியோடு கம்பியாக ஒரு வயர் கட்டியிருக்கிறேன், அதையும் செக்யூரிட்டி வந்து என்னவென்று கேட்டுவிட்டுப் போனார். அந்த வயரில் குரல் எடுபடாது. இந்த டிஜிட்டல் முறை என்றால் எவ்வளவு மெலிந்த சிக்னலையும் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுத்துவிடுகிறது. நேற்று ஜப்பானில் ஒருவர் கிடைத்தார். பெயர் தெரியாது, முகம் தெரியாது. என் சிக்னல் வந்தது என்றார், நானும் அதையே சொன்னேன். இரண்டு பேருக்கும் சந்தோஷம். இதை ஹாம் இல்லை என்று சொல்லாதே. நம் ஆட்களைத் தந்திக்காரர்கள் அந்தக் காலத்தில் கேலி செய்ய வைத்த பெயர்தான் ஹாம், கை சரியில்லாத கத்துக்குட்டி என்று அர்த்தம். அதையே நாம் பெருமையாக வைத்துக்கொண்டோம். இப்போது இன்னொருவரைப் பார்த்து நாமே கேலி செய்யலாமா?

ஞாயிறு வலையை ரிசீவரில் கேட்கிறேன். தவறுவதில்லை. உனக்கு இருமல் இருக்கிறது, பீடியை விடு.

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

என்றும் உன்,
மரிய ஆனந்த்

*

அரூர்,
10 மார்ச் 2025

ஆனந்து,

பொறுத்தேன். நேற்று முடித்துவிட்டேன். உன் பெயரை எடுத்துவிட்டேன்.

மொட்டைமாடி இல்லை, வயர் சின்னது என்று கதை விடாதே. உன் அம்மாவைப் பார்க்கக் கம்பைநல்லூர் வந்தபோதெல்லாம் சைக்கிள் கேரியரில் வயரைச் சுற்றி வைத்துக்கொண்டு இலங்கை வரை பேசினவன் நீ. மனசு இருந்தால் குரல் போகும். "குரலில்லாமல் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்கள், ஹாம் இல்லை. மரிய ஆனந்த் பெயர் இன்றோடு நீக்கப்படுகிறது" என்று வலையில் வாசித்தேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தமிழ்மணி மட்டும், "இன்னும் ஒரு வாரம் பாக்கலாமுங்களே" என்றார். விதி விதிதான் என்றேன்.

இன்னொரு எரிச்சல். மூன்று வாரமாக எவனோ ஒரு போக்கிரி, சரியாக உன் பெயரைக் கூப்பிடும்போது மைக்கை அமுக்கிக்கொண்டு காற்றை ஊதுகிறான். புஸ், புஸ் என்று சத்தம் மட்டும். பேச்சு இல்லை, அழைப்புக்குறி இல்லை. நேற்று உன் பெயரை எடுத்ததைச் சொன்னவுடன் அரை நிமிஷம் ஊதினான். விட்டேனா? "யாருடா அது, லைசென்ஸ் இல்லாத திருட்டு நாய், பேர் சொல்லத் துப்பு இல்லாதவன் எதுக்குடா மைக்கத் தொடுற" என்று நறுக்கென்று கேட்டேன். சத்தம் நின்றுவிட்டது. அப்புறம் வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

நீ இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

சந்திரமோகன்

*

பெங்களூர்,
17 மார்ச் 2025

அன்புச் சந்திரா,

அந்தத் திருட்டு நாய் நான்தான்.

கோபத்தில் எழுதவில்லை, உட்கார்ந்து படி. அக்டோபரில் நான் வந்தது பிரசவத்துக்கு மட்டும் இல்லை. தொண்டையில் கட்டி. நவம்பர் மாதம் குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, மூச்சு அந்த வழியாகத்தான் போகிறது. வாயை அசைத்தால் உதடு அசையும், சத்தம் வராது. பால்கனி வயரில் ஒரு குறையும் இல்லை. குறை என் கழுத்தில்.

நீ "ஒரே ஒரு வார்த்தை" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பிப்ரவரி 23ஆம் தேதி முதல் முறை மைக்கை எடுத்தேன். நீ என் பெயரைச் சொன்னாய். நான் பட்டனை அமுக்கி "இருக்கிறேன்" என்று வாயை அசைத்தேன். கழுத்துத் துளையிலிருந்து காற்றுதான் போயிற்று. அடுத்த வாரமும் அமுக்கினேன். ஒருவேளை நீயாவது என் மூச்சை அடையாளம் கண்டுபிடிப்பாய் என்று ஒரு நப்பாசை, இப்போது யோசித்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. மார்ச் 9ஆம் தேதி என்னை ஹாம் இல்லை என்று நீ வாசித்தபோது பட்டனிலிருந்து கையை எடுக்கவே தோன்றவில்லை. அதற்குப் பிறகு நீ சொன்னதையும் கேட்டேன், அவர்கள் சிரித்ததையும் கேட்டேன். பிளசி வந்து ரேடியோவை அணைத்தாள்.

மோர்ஸ் தந்தி தட்டியிருக்கலாமே என்பாய். அந்தப் பக்கமே நான் தலைவைத்துப் படுத்ததில்லை, உனக்குத் தெரியும். எனக்கு மிச்சம் இருப்பது அந்தப் பதினைந்து விநாடி வரிதான். அதில் நான் நோயாளி இல்லை. மற்றவர்கள் எப்படியோ அப்படித்தான் நானும். ஜப்பான்காரருக்கு என் கழுத்து தெரியாது. அங்கே நான் இன்னமும் ஹாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை யாரிடமும் சொல்லாதே. அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்கு எழுபத்தெட்டு வயது. "தொண்டையில புண்ணு, டாக்டரு பேசக்கூடாதுன்னுட்டாரு ஆயா" என்று பிளசி சொல்லி வைத்திருக்கிறாள். ஜூன் மாதம் கழுத்தில் ஒரு சின்ன வால்வு வைப்பார்கள், பழகினால் கரகரவென்று பேச்சு வருமாம். முதல் வார்த்தையை அம்மாவிடம் நேரில் போய்ப் பேசிவிட்டு, அதற்குப் பிறகு நானே எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்கிறேன். என் பெயரை வலையில் திரும்பச் சேர்த்துவிடு, காரணம் சொல்ல வேண்டாம். எனக்கு அது போதும்.

உன்,
ஆனந்து

*

அரூர்,
24 மார்ச் 2025

என் ஆனந்து,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். முதல் வரியிலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சுகுணா ஓடி வந்து, "என்னங்க ஆச்சு, நெஞ்சு வலிக்குதுங்களா" என்று கேட்கிறாள். நாய் என்றேனே. உன்னைப் பார்த்து நாய் என்றேனே, ஆனந்து. இந்த நாக்கை என்ன செய்வது?

நேற்று வலையில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன். முதலில் காரணம் சொல்லாமல் உன் பெயரைச் சேர்க்கத்தான் நினைத்தேன். பெயரைச் சொன்னவுடன் அழுகை வந்துவிட்டது, வாய் நிற்கவில்லை. அந்தச் சத்தம் உன் மூச்சு என்றும், உனக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய், மறக்கவில்லை. ஆனால் அது வெளியாட்களுக்குத்தானே? இவர்கள் நம் ஆட்கள். இருபத்தேழு பேரும் ஒவ்வொருவராக உன்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள், நீ கேட்டிருப்பாய். தமிழ்மணி தீர்த்தமலையில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன் என்றார். குமார் விடிந்ததும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு உன் அம்மாவைப் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான். தங்கமான பையன்.

உன்னைப் பார்க்கப் புறப்பட்டு வருகிறேன். எந்த நாள் என்று எழுது.

பாவி,
சந்திரமோகன்

*

பெங்களூர்,
2 ஏப்ரல் 2025

அன்புள்ள சந்திரமோகன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அது வருவதற்கு முன்பே அம்மாவின் போன் வந்துவிட்டது.

குமார் போனது 24ஆம் தேதி காலை. வாசலில் நின்று, "பெரியம்மா, அண்ணனுக்குக் குரல எடுத்துட்டாங்களாமே, கவலப்படாதீங்க" என்றானாம். பத்து நிமிஷத்தில் போன் செய்தாள். பிளசிதான் எடுத்தாள். அவளிடம் பேச மாட்டேன் என்றாள் அம்மா. என்னைத்தான் கொடுக்கச் சொன்னாள். காதில் வைத்தேன். "ஒரே ஒரு வார்த்த பேசு கண்ணு, பொய்யின்னு சொல்லு கண்ணு" என்று அழுதுகொண்டே இருந்தாள். நாற்பது நிமிஷம் அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். என் அம்மாவுக்கு நான் அனுப்பிய பதிலும் அந்தப் புஸ் என்ற சத்தம்தான்.

அதற்குப் பிறகு அவள் கஞ்சி கூடக் குடிக்கவில்லை. என் தம்பி ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினான். இப்போது வீட்டில் இருக்கிறாள்.

நீங்கள் மைக்கில் திட்டியதை நான் அன்றைக்கே விட்டுவிட்டேன். தெரியாமல் திட்டினீர்கள். இதைத் தெரிந்துதான் செய்தீர்கள். என்னைப் பழையபடி ஹாம் என்று கூப்பிடுங்கள் என்றுதான் கேட்டேன். இருபத்தேழு பேரும் என்னை இப்போது ஐயோ பாவம் என்று கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவைத் திறப்பதில்லை.

வர வேண்டாம்.

இப்படிக்கு,
மரிய ஆனந்த்

*

அரூர்,
7 ஜூலை 2025

அன்புள்ள ஆனந்து,

நீங்கள் என்று எழுதியிருந்தாய். பதினெட்டு வருஷத்தில் முதல் முறை. அதைப் படித்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். காலில் விழுந்தேன். "எந்திரிப்பா, நீ வேணும்னா செஞ்ச?" என்று காபி கொடுத்தார்கள். அதற்குப் பதில் அடித்திருக்கலாம். வலையில் பெயர் வாசிக்கும் வேலையைத் தமிழ்மணியிடம் கொடுத்துவிட்டேன். மே மாதத்திலிருந்து நான் மைக்கைத் தொடவில்லை.

குமாரிடம் அந்தச் சாப்ட்வேரைப் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். சொல்லிக்கொடுக்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பழக ஒரு மாதம் ஆயிற்று. முதல் முறை எவனோ ரஷ்யாக்காரன் என் அழைப்புக்குறியைத் திருப்பி அனுப்பியபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் எவ்வளவு பெரிய மடையன் என்று அப்போதுதான் புரிந்தது.

இருபது நாளாகக் காலையில் உன்னைத் தேடுகிறேன். திரையில் நீ வருகிறாய். உன் அழைப்புக்குறியோடு என் அழைப்புக்குறியைச் சேர்த்து அனுப்புகிறேன். நீ இத்தாலிக்குப் பதில் கொடுக்கிறாய், ஜப்பானுக்குக் கொடுக்கிறாய். அரூர் சிக்னல் பெங்களூருக்கு வரவில்லை, ஆன்டெனாதான் சரியில்லை என்று நினைத்து இரண்டு முறை கூரை மேலே ஏறி வயரை மாற்றிக் கட்டினேன். சுகுணா திட்டினாள்.

நேற்றுக் குமார் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினான். யாருக்கு யார் சிக்னல் கேட்கிறது என்று சாப்ட்வேர் தானாகவே இன்டர்நெட்டில் போட்டுவிடுமாம். எனக்கு இது தெரியாது. என் வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு ஒரு கோடு இருந்தது. இருபது நாளும் இருந்தது. என் சிக்னல் உனக்குத் தெளிவாக வந்திருக்கிறது. இத்தாலிக்காரனைவிட நன்றாகவே வந்திருக்கிறது.

குமார் இன்னொன்றும் சொன்னான். ஜூன் மாதம் வால்வு வைத்துவிட்டார்களாம். உன் அம்மாவை அங்கே அழைத்துப்போனார்களாம். நீ "அம்மா" என்று கூப்பிட்டாயாம். அதைக் கேட்டுக் கடையிலேயே அழுதேன். எனக்கு நீ சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கடமையும் உனக்கு இல்லை.

அன்றைக்கு உன்னால் பேச முடியவில்லை, நீ பட்டனை அமுக்கினாய். இன்றைக்கு உன்னால் முடியும், நான் கூப்பிடுவதும் உனக்குக் கேட்கிறது, நீ அமுக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, ஆனந்து. இனிக் கூப்பிட மாட்டேன்.

சந்திரமோகன்