உன் கைக்கு வாங்கிய ரம்பம்

அண்ணா,

இன்று காலை உன் சாமான் பையைத் திறந்ததும் துருவும் கிரீசும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை. அழுகை வரும் என்று நினைத்தேன், எரிச்சல்தான் வந்தது. பை முழுவதையும் அடைத்துக்கொண்டு நீ வாங்கிய பெரிய பேட்டரி ரம்பம் படுத்திருந்தது. வேறு எதையும் வைக்க இடமில்லை. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்கிறாள் அம்மா. அவள் இந்தப் பையைத் தூக்கிப் பார்த்ததில்லை.

பிரேசர் டவுனில் நாம் குழாய் வேலைக்குப் போன அந்தப் பழைய கட்டடம் உனக்கு மறந்திருக்காது. இரண்டு கக்கூஸ் சுவர்களுக்கு நடுவே குழாய்கள் இறங்கும் சந்தில் உன் ஒரு தோள்கூட நுழையாது. எட்டாம் வகுப்போடு நின்று வீட்டில் கிடந்த என்னை அதற்காகத்தான் கூட்டிப்போனாய். இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடைத் துணியில் சுற்றிப் பிடித்து, விரல் முட்டி சுவரில் தேயத் தேய நான் உள்ளே அறுப்பேன். நீ வெளியே நின்று வீட்டுக்காரம்மாவை அறுப்பாய். தண்ணீர் வராதது, ரோடு தோண்டியது, யார் வீட்டில் எந்தக் குழாய் எப்படி அடைத்தது என்று ஓயாமல் பேசுவாய். "உங்க அண்ணனே ஒரு ரம்பம். அப்புறம் தனியா ரம்பம் எதுக்கு?" என்று அவர் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

ஆனாலும் வாங்கத்தான் போனோம். எஸ்.பி. ரோடு கடையில் பாய் முதலில் எடுத்துக் காட்டியது சின்னது. ஒரு கையால் பிடிக்கலாம், சந்து பொந்துக்கு ஏற்றது என்றார். உன் உள்ளங்கையில் அதன் பிடியே காணாமல் போயிற்று.

"இன்னா பாய், பொம்மையா? சின்னது வேலைக்கு ஆவாது."

பெரியதைத் தூக்கினாய். எவ்வளவு வேகம், எந்தக் கம்பியை அறுக்கும், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று பாயின் டீ ஆறி ஆடை கட்டும்வரை கேட்டாய். அது எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்கவில்லை. உள்ளே போவது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் நின்ற என்னைக் காட்டி, "ஊமைக்கோட்டான் பாய் இது. தலையாட்டிச்சுன்னா சரின்னு அர்த்தம்" என்றாய். நான் தலையாட்டவே இல்லை, அண்ணா.

மறுநாள் சந்துக்குள் பிளேடு குழாயைத் தொடும் முன்பே ரம்பத்தின் பின்பக்கம் எதிர்ச்சுவரில் முட்டியது. தவறி ஓடாமல் தடுக்கும் பூட்டை ஒரு விரலும் சுவிட்சை ஒரு விரலும் ஒன்றாய் அழுத்த என் கைக்கு எட்டவும் இல்லை.

"அறுத்துட்டியா, பாப்பா?"

"நுழையல."

"நீ நுழைஞ்சிட்டல்ல?"

"நான் நுழைஞ்சிட்டேன். ரம்பம் நுழையல."

கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம். நீயோ வெளியே மாமரக் கிளையை அறுத்துக் காட்டி, "பாரு, வெண்ண மாதிரி" என்றாய். நமக்கு மரம் வெட்டும் வேலையா? நான் மறுபடி ஹாக்ஸா பிளேடை எடுத்தேன். அந்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது.

போன வாரம் அதே சந்தில் மேல்மாடிக் குழாய் ஒழுகியது. "செவுத்த உடைக்காம முடிப்பியா? இல்லன்னா சொல்லிடு, வேற ஆள கூப்புடறேன்" என்றார் வீட்டுக்காரம்மா. பீன்யாவில் ஒரு கம்பெனி வேலைக்கு அம்மா எனக்காகப் பேசி வைத்திருக்கிறாள். இந்த வீடு கைவிட்டால் நான் அங்கே போக வேண்டியதுதான்.

குழாய்க்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே உள்ள இடத்தை அளந்து, ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை அந்த நீளத்துக்கு வெட்டிக்கொண்டு நேற்று தனியாகக் கடைக்குப் போனேன்.

"அண்ணன் வரலியாம்மா?"

"அண்ணன் இல்ல பாய்."

"ஊருக்கா?"

இல்லையென்று தலையை அசைத்தேன். பாய்க்குப் புரிந்தது. கேட்காமலே டீ சொன்னார்.

ஒவ்வொரு ரம்பத்திலும் பேட்டரியையும் பிளேடையும் மாட்டச் சொல்லி, என் துண்டை அருகில் வைத்துப் பார்த்தேன். பிளேடைத் திருப்பி மாட்ட முடியுமா? இதைவிடக் குட்டைப் பிளேடு உண்டா? ஒரே கையால் பிடித்தால் சுவிட்சு எட்டுமா? நானேதான் கேட்டேன். இரண்டாவது டீயும் ஆறிப்போனது. கடைசியில் பாய் சிரித்துவிட்டார். "வாயே தொறக்காத பொண்ணு. இப்ப அண்ணனாட்டமே அறுக்கறியே."

நேற்று வாங்கிய சின்ன ரம்பத்தோடுதான் இன்று சந்துக்குள் போனேன். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அழுத்தினேன். சுவரில் கீறல்கூட இல்லாமல் குழாய் துண்டாகி வந்தது. வெளியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "அறுத்துட்டேன்" என்று நானே உரக்கச் சொன்னேன்.

"யார்கிட்டம்மா பேசற?" என்றார் வீட்டுக்காரம்மா.

சின்னதை இப்போது தனியாக ஒரு துணிப்பையில் வைத்திருக்கிறேன், உன் பையில் இடமில்லாததால். உன் பெரிய ரம்பத்தையும் வேலைக்குத் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். ஒன்றுக்கும் உதவாது, தோள் இற்றுப்போகிறது. என்ன கனம் அண்ணா, அது.