அப்பா சுட விடாத குதிரை

அன்பு மகள் உயாங்காவுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம், ஆடுகளும் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டன. சியோலில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். குதிரையிலிருந்து தவறி விழுந்தேன் என்று அப்பா போனில் சொன்னது பொய். நடந்ததை எழுதுகிறேன், பதறாமல் படி.

வேலிக்குள் வளர்த்த தாகிக் காட்டுக்குதிரைகளைப் போன வருடம் நம் பள்ளத்தாக்கில் திறந்துவிட்டார்களே, ஒரு ஆணும் ஐந்து பெட்டைகளும், அந்த ஆண் பனியில் செத்துப்போக, மார்ச்சில் லாரியில் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். முரட்டுப் பிறவி. மே மாதம் ஒரு பெட்டை முதல் குட்டி போட்டது. அப்பா காவல்காரர், தூரத்திலிருந்து பார்க்கலாம், குறுக்கே போகக் கூடாது என்பது உத்தரவு. நான் தேநீர் கொண்டு போயிருந்தேன். குட்டி எழுந்து நின்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, புது ஆண் வந்து மோந்தது, தன்னுடையதில்லை என்று தெரிந்ததோ என்னவோ, கழுத்தைக் கவ்வித் தூக்கித் தரையில் அடித்தது. தாய் உதைத்ததில் அந்த ஆணின் வாய் கிழிந்தது, அப்போதும் விடவில்லை, மறுபடி அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் மேட்டில் நின்ற எனக்குக் கேட்டது. அப்பா துப்பாக்கியை என் காலடியில் போட்டுவிட்டுச் குதிரை பிடிக்கும் சுருக்குக் கழியோடு தன் குதிரையில் ஏறிப் பாய்ந்தார். அந்த ஆண் அவர் தோளைக் கடித்து, சேணத்திலிருந்து இழுத்துப் போட்டு மிதித்தது. நான் துப்பாக்கியை எடுத்து அதன் நெற்றிக்குக் குறி வைத்துவிட்டேன் மகளே. மிதிபட்டுக்கொண்டே கத்துகிறார், "சுடாத யாஞ்சிமா! இருக்கிறதே இந்த ஒரு ஆண்தான்!" மண்ணைப் பார்த்துச் சுட்டேன். சத்தத்துக்கு விலகியது. குட்டி செத்துவிட்டது.

அப்பாவுக்குத் தோள் எலும்பும் மூன்று விலாவும் உடைந்துவிட்டன. குதிரைகளைக் கொண்டுவந்த அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்து, அந்த ஆணை மறுபடி வேலிக்குள் அடைத்துவிடலாமா என்று கேட்டார். "அது குதிரைங்க, நடுவுல போன கழுதை நான்தான்" என்று அப்பா சிரிக்கப் போய் வலியில் அழுதுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க உயிரவிட அந்தப் பேய் பெருசாப் போச்சா?" என்று கத்தினேன். தாதி வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

போன வாரம் அவருக்குப் பதில் நான் காவலுக்குப் போனேன். விடியும்போது மூன்று ஓநாய்கள் இறங்கின. அந்த ஆண் பெட்டைகளை ஒன்றாகத் திரட்டிவிட்டுத் தனியாக மோதியது. ஒன்றின் முதுகைக் கவ்வி, அந்தக் குட்டியை அடித்தது போலவே அடித்துக் கொன்றது. இன்னொரு ஓநாய் தொடையைக் கிழித்ததில் அதற்குச் சதை தொங்கியது, அப்படியும் பின்வாங்கவில்லை, மிச்ச இரண்டு ஓநாய்களும் ஓடிவிட்டன. ஐந்து பெட்டைகளும் உயிரோடு இருக்கின்றன. அப்பாவிடம் சொன்னேன், "காயம் ஆழமா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் அந்தக் குதிரையை மன்னிக்கவில்லை. ஆனால் தினமும் போய், நொண்டிக்கொண்டாவது எழுந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

வானம் உங்கள் இருவரையும் காக்கட்டும், வயிற்றில் இருக்கும் பிள்ளை சுகமாகப் பிறக்கட்டும். ஏழாம் மாதம், கனமான எதையும் தூக்காதே.

உன் அம்மா,
யாஞ்சிமா