இரண்டாவது பிரேக்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி ஒன்றும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பா நலம், வண்டி நலம், என் வலது முட்டியும் பரவாயில்லை. முட்டிக்கு மேலே இருக்கிறவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ பாசிட்டிவாக இரு அம்மா என்று பாட ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

முதலில் நீ அனுப்பிய சாமான்கள். மனதை லேசாக்கும் புத்தகம் வந்து சேர்ந்தது, குதிகாலுக்கு அடியில் வைக்கச் சரியான உயரம், ரொம்ப உபயோகமாக இருக்கிறது. வாசனை மெழுகுவர்த்தியை ஏற்றினால் தும்மல் வருகிறது, தும்மினால் முட்டியில் தெறிக்கிறது, அதனால் அதைக் குளியலறையில் வைத்துவிட்டார் உன் அப்பா. மூச்சை இழு, மூச்சை விடு என்று ஒரு பெண் கொஞ்சுகிறாளே அந்த ஆடியோவையும் கேட்டேன். அவளுக்கு யாரும் எலும்பை அறுத்து உலோகம் வைத்திருக்க மாட்டார்கள். இதையெல்லாம் வாங்கி அனுப்புகிற நேரத்தில் நீ ஒரு நடை வந்திருக்கலாம், ஆனால் வந்து என்ன செய்திருப்பாய், நீயும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைத்தான் பார்த்திருப்பாய், வராததே நல்லது.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. கெட்டது வீட்டுக்கு வருகிற வழியில். தையல் கொஞ்சம் பிரிந்துவிட்டது என்று மட்டும் உன் அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார், யாரையும் காட்டிக்கொடுக்காத மனுஷன் ஆயிற்றே. நம்மிடம் இருப்பது டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்றுதான், அதில்தான் என்னை அழைத்து வந்தார். பின் சீட்டில் காலை நீட்டி உட்காரச் சொன்னாள் நர்ஸ். நான் கேட்பேனா, என் இடத்தில்தான் உட்காருவேன் என்று முன்னால் ஏறிவிட்டேன். என் இடம் என்றால் உனக்குத் தெரியும், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட், கற்றுக்கொடுக்கிறவர் மிதிப்பதற்கென்று காலடியில் இரண்டாவது பிரேக். உன் அப்பா ஒழுங்காகத்தான் ஓட்டினார், அதையும் சொல்லிவிடுகிறேன். எறும்பு முந்திக்கொண்டு போகிற வேகம்தான். ஆனால் தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் அவர் ஸ்டியரிங்கை வளைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, நான் யோசிப்பதற்குள் கால் போய்விட்டது. புது முட்டியோடு பிரேக்கில் ஏறி மிதித்தேன். நான் போட்ட கூச்சலில் பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரர் தன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கட்டு முழுக்க ரத்தம். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். எதிரே ஈ காக்காய் இல்லாத ரோடு அது. ஏன் மிதித்தாய் என்று போகிற வழியில் மெதுவாகக் கேட்டார். "நான் மிதிக்கலன்னா இன்னிக்கு ஒருத்தன் செத்திருப்பான்" என்றேன். அந்த ஒருத்தன் யார் என்று அவர் கேட்கவில்லை. வழக்கம்போல அவர்தான் மன்னிப்புக் கேட்டார்.

அதற்கப்புறம்தான் படுத்தேன், நிஜமாகவே படுத்தேன். வலி ஒரு பக்கம், அதற்கு மாத்திரை இருக்கிறது. இது வேறு. பல் துலக்கலாமா என்று நினைத்தால் எதற்கு என்று தோன்றும். சோப்புக் கைதவறி விழுந்ததற்கு உட்கார்ந்து அழுதேன், நானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. யாராவது வந்தால் எப்போது போவார்கள் என்றிருக்கும், போனால் ஏன் போனார்கள் என்றிருக்கும். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் மனசு இப்படிக் கீழே இறங்கும், மறைக்காமல் சொல்லுங்கள், வேண்டுமானால் அதற்கும் மருந்து உண்டு என்றார் டாக்டர். எனக்கு மனசு நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் தையலைப் பாருங்கள் என்றேன். முட்டியை மடக்கிப் பழக்க வருகிற பிசியோ பெண் ஒருத்தி, நான் விரலை அசைத்தாலே சூப்பர் ஆன்ட்டி என்று கை தட்டுவாள். நான் என்ன தவழுகிற குழந்தையா. அவள் போனதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு, தையல் வலிக்கிறது என்று சொல்லியே மடக்காமல் நாளைக் கடத்தினேன். முட்டி கட்டை போல இறுகிவிட்டது. அடுத்த முறை வரும்போது மடங்கவில்லை என்றால் மயக்கம் கொடுத்து நாங்களே மடக்கவேண்டி வரும், அதிலும் சரியாகவில்லை என்றால் வண்டி ஓட்டுவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறந்துவிட்டால் போகிறது என்றுதான் அன்றைக்கு இருந்தது எனக்கு.

அந்த நாட்களில் உன் அப்பாவை நான் படுத்திய பாடு உனக்குத் தெரியவேண்டாம், இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நாற்காலியில் உட்கார வைத்து எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார், கண்ணில் நுரை போய்விட்டது, கையில் இருந்த குவளையை வீசினேன், அவர் புருவத்தில் பட்டு வீங்கிவிட்டது. குனிந்து குவளையை எடுத்தார், மறுபடி நிரப்பினார், ஊற்றினார். உங்களுக்கு இதுதான் லாயக்கான வேலை என்றேன். அதற்கும் சரி என்றார். அந்தச் சரி இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு இன்னும் நாலு வார்த்தை கூடுதலாக வரும்.

இதற்கிடையில் ஸ்கூலை மூடவேண்டாம், அப்பாவே பார்த்துக்கொள்ளட்டும், நீ ரெஸ்ட் எடு என்று நீ யோசனை சொன்னாய் இல்லையா. லைசென்ஸ் ஆபீசில் வரிசையில் நிற்பதும் வண்டி கழுவுவதும் போன் எடுப்பதும்தான் இத்தனை வருஷமாக அவர் பார்த்தது. கற்றுக்கொடுக்கிற லைசென்ஸ் அவரிடமும் இருந்தது, நான்தான் அந்த சீட்டில் உட்கார விடவில்லை. இப்போது உட்கார்ந்தார். என் அறை ஜன்னலுக்கு நேரே பின்பக்கக் காலி இடம், அங்கேதான் டிரம் வைத்து ரிவர்ஸ் பழக்குவது. படுத்தபடி எல்லாம் கேட்கும். டிரம் விழுகிற சத்தம் கேட்கும், அப்புறம் சிரிப்புக் கேட்கும். டிரம்மை இடித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். என்னிடம் யாரும் சிரித்ததில்லை, அழுதிருக்கிறார்கள், நீயே அழுதிருக்கிறாய், அழுதுவிட்டுக் கல்யாணமாகிப் போன ஊரில் எவனிடமோ கற்றுக்கொண்டாய். கியர் மாற்றும்போது கண்ணை மூடிக்கொள்கிற பல் டாக்டர் ஒருத்தி இருக்கிறாள், இப்படிக் கண்ணை மூடிக்கொண்டுதான் பல்லையும் பிடுங்குவாயா என்று நான் கேட்டதற்கு ஒரு வாரம் வராமல் இருந்தவள். அவள் இவரிடம் ரிவர்ஸ் போட்டு நிறுத்திவிட்டாள். ஒரு டிரம்கூட விழவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அன்றைக்குத்தான் அவள் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்டாள், மேடத்துக்குக் கால் சரியானால் மறுபடி அவர்தான் வருவாரா என்று. அவள் குரலில் பயம் இருந்தது. உன் அப்பா கார்க் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார். "முட்டி இன்னும் மடங்கலம்மா. மடங்காம இருக்கணும்னு வேண்டிக்கோ." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்ததை நான் படுத்த படுக்கையில் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், உடனே வரவில்லை. ரொம்ப வலித்தது மகளே. முட்டியை அறுத்தபோதாவது மயக்கம் கொடுத்தார்கள்.

மறுநாள் பிசியோ பெண் வந்ததும் மடக்கு என்றேன். மெதுவாக ஆன்ட்டி என்றாள். மெதுவாக மடக்கத்தான் இத்தனை நாள் படுத்திருந்தேனா, அழுத்து என்றேன். தலையணையைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் வேண்டிக்கோ, வேண்டிக்கோ என்று சொல்லிக்கொண்டே மடக்கினேன். அவள் இல்லாத நேரத்தில் துண்டைப் பாதத்தில் மாட்டி நானே இழுத்தேன். உன் அப்பா ஐஸ் பை கொண்டு வருவார், வாங்கி வைத்துக்கொள்வேன், ஒன்றும் பேசமாட்டேன். தன் கைராசி என்று பிசியோ பெண் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைக்கட்டும். டாக்டர் பார்த்துவிட்டு அசந்துபோனார், வண்டி ஓட்டலாம் என்றார். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது எந்தக் கண்ணீர் என்று எனக்கு விளங்கவில்லை. மனசு சரியாகிவிட்டதா என்று நீ கேட்பாய். இல்லை. கோபம் வந்து உட்கார்ந்த பிறகு அந்தச் சோர்வு மூலையில் சுருண்டு கிடக்கிறது, கோபம் எழுந்து போனால் அது மறுபடி வரும் என்று எனக்குத் தெரியும். இந்த முறை டாக்டர் கேட்டபோது ஆமாம் என்று சொல்லிவிட்டேன், மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை முதல் பல் டாக்டருக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். வேண்டுதல் பலிக்கவில்லை என்று நேரில் சொல்லவேண்டாமா.

நேற்று மாலை வண்டியை எடுத்தேன். நான் ஓட்டும் இடத்தில், அவர் பக்கத்தில், என் சீட்டில். ஓட்டுவது ஒன்றும் மறக்கவில்லை, கால் சொன்னபடி கேட்டது. தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் அழகாக வளைத்தேன். வண்டி குலுங்கி நின்றது. நான் மிதிக்கவில்லை. எதிரே நாய்கூட இல்லை. திரும்பிப் பார்த்தேன், அவர் நேரே ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "நான் மிதிக்கலன்னா இன்னிக்கு ஒருத்தர் செத்திருப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக வயிறு குலுங்கச் சிரித்தேன். இந்த மனுஷனுக்கு இவ்வளவு வருமா என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கால் பிரேக்கிலேயே இருந்தது. காலை எடுங்க என்றேன். எடுத்தார், ஆனால் உடனே எடுக்கவில்லை.

பல் டாக்டரிடம் சொன்னதை நான் கேட்டுவிட்டேன் என்று அவரிடம் இதுவரை சொல்லவில்லை. ஆனால் அந்த ஜன்னலைக் காலையில் காற்று வரட்டும் என்று திறந்து வைக்கிறவர் அவர்தான். இவளுக்குக் கேட்கட்டும், ரோஷம் வந்தாவது எழுந்திருப்பாள் என்று சொன்னாரா, மனசில் இருந்ததைச் சொன்னாரா. நீ கேட்டுச் சொல் என்று எழுத வந்தேன், வேண்டாம், கேட்காதே. அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்பார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் எதைச் சொன்னாலும் நான் நம்பித்தான் ஆகவேண்டும்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், முட்டி தேயாமல், நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். மெழுகுவர்த்தி இனி அனுப்பாதே. அடுத்த முறை நீ வண்டி ஓட்டும்போது பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் காலை ஒரு தடவை பார். அங்கே இரண்டாவது பிரேக் கிடையாது, இருந்தும் அவர் பாதம் தரையை அழுத்துகிறதா என்று பார். அழுத்தினால் ஒன்றும் கேட்காதே, வாயை மூடிக்கொண்டு வேகத்தைக் குறை. நாக்கு உனக்கு என்னுடையதுதான்.

இப்படிக்கு,
முட்டி மடங்கிய உன் அம்மா