ஆட்டின் கழுத்தில் கிடந்த பதக்கம்

இன்று காலை ஆட்டின் கழுத்திலிருந்து உங்கள் பதக்கத்தைக் கழற்றினேன். கயிறு இற்றுப்போயிருந்தது; இல்லாவிட்டால் இப்போதும் கழற்றியிருக்க மாட்டேன். சோப்புப் போட்டுக் கழுவியும் உள்ளங்கையில் ஆட்டு வாடை போகவில்லை.

சரக்குக் கப்பலில் நீங்கள் இரண்டாம் அதிகாரி. எழுபத்தொன்று யுத்தத்தின்போது எண்ணெய் ஏற்றிக்கொண்டு கடலில் இருந்தீர்கள். இங்கே திருச்சுழிப் பக்கம், குடிதண்ணீருக்கே வழியில்லாத ஊரில், நம் மகன் காய்ச்சலில் செத்தான். மூன்று வயது. தந்தி கொடுத்தும் நீங்கள் வரவில்லை. நாலு மாதம் கழித்து வந்து, "கப்பல விட்டு எறங்க விடல" என்றீர்கள். நான் எதுவும் சொல்லவில்லை. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள்.

எண்பதுகளின் நடுவில், நீங்கள் வேலையை விட்டு ஊரோடு வந்தபிறகு, அந்தப் போர்ச் சேவைக்கான பதக்கம் வருஷக்கணக்கில் தாமதமாகப் பதிவுத் தபாலில் வந்தது. விளிம்பில் உங்கள் பெயர் வெட்டியிருந்தது. சட்டையில் குத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். என்னைப் போய்க் கேட்டீர்கள்!

மறுநாள் வீரசோழனிலிருந்து கறிக்கடை பாய் கிடா வாங்க வந்தார். விற்கிற ஆட்டின் கயிற்றை நாம் அவிழ்த்துக்கொள்வதுதான் வழக்கம். நான் அவிழ்க்கவில்லை. கழுத்து மணியோடு பதக்கத்தையும் சேர்த்துக் கட்டி, அறுப்புக்கு அனுப்பினேன்.

அடுத்த நாளே பாய் பதக்கத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டார். "அறுக்கப் போகையிலதான் பாத்தேன். அய்யா பேரு போட்டிருக்கு. தெரியாம வந்துருச்சு போல."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"தெரிஞ்சுதான் கட்டுனேன்" என்றேன்.

திட்டியிருந்தால் இருவரும் அழுது தீர்த்திருப்போம். நீங்கள் தொழுவத்துக்குப் போய் ஒரு குட்டியின் கழுத்தில் அதைக் கட்டினீர்கள், மணியை ஒட்டி, நடக்கும்போதெல்லாம் இடித்துச் சத்தம் வரும்படி. "இங்கனயே கெடக்கட்டும். நீயுங் கேட்டுக்கிட்டே இரு."

கேட்டேன், பத்து வருஷத்துக்கு மேல். ஓர் ஆடு போனால் அடுத்ததற்கு மாற்றிக் கட்டினீர்கள். சாயங்காலம் அந்தச் சத்தம் வாசலுக்கு வரும்போதெல்லாம் மகன் பெயரைச் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். நீங்களும் சொல்லவில்லை. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் கேட்டது, "ஆட்டுக்குத் தண்ணி காட்டுனியா?"

இப்போது பதக்கத்தைத் தேய்த்து விளக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். மணியில் உரசி உரசி விளிம்பு மழுங்கிவிட்டது. விரலால் தடவினால் உங்கள் பெயரில் ஓர் எழுத்துகூடத் தட்டுப்படவில்லை. அன்று கிடாவோடு அனுப்பியபோது, இந்தப் பெயர் தொலையட்டும் என்று நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்திருக்கிறது.

இன்னும் உங்களை மன்னிக்கவில்லை. ஆனால் கண்ணாடி முன் நின்று கேட்டீர்களே, அதற்குப் பதில் மட்டும் என்னிடம் கிடக்கிறது. நன்றாகத்தான் இருந்தது.